படித்தலும் எழுதுதலும்

ஏடு ஒன்றே; அதனைக் கையாளும் தொழில் இரண்டு. அதனைப் புரட்டிப் பார்த்துச் செய்தி அறிதல் ஒன்று. அதன்கண் புதுச் செய்தியைப் பொறித்தலும், முன்னுள்ளதைத் திருத்துதலும், வேண்டாததை அடித்தலும் மற்றொன்று. முன்னையதைப் படித்தல் என்றும், பின்னையதை எழுதுதல் என்றும் கூறுவோம். பதின்மர் ஒருங்கே கூடி ஓர் ஏட்டைப் படித்தாலும் அவ்வேட்டிற்கு ஒரு குறையும் நேராது. இருவர் ஒருங்கே அதில் எழுதத் தொடங்கினாலோ குழப்பம் விளையும். இவ்வேறுபாடு சிறு குழந்தைக்கும் விளங்கக்கூடியதே. ஆயினும், ஒரு வேண்டுகோள் வந்து நிற்கும்போது அது படித்தலா எழுதுதலா என்று துணிவது, பெரிய கணினிகளை ஆள்வோருக்கும் எளிதாக இல்லை. அஃது ஏன் என்பதை இப்பாடத்தில் காண்போம்.

கணினிகள் பள்ளிகளுக்கு வாராத காலத்தில், யான் பணியாற்றிய பள்ளி ஒன்றில் நிகழ்ந்ததை முதலிற் கூறுகின்றேன். ஆண்டுத் தேர்வு முடிந்ததும் மாணவர் அனைவருடைய மதிப்பெண்களும் பெரிய பேரேடு ஒன்றில் எழுதப்பெறும். அது தலைமையாசிரியர் அறையில் இருக்கும். சான்று வேண்டி ஒரே நாளில் நூற்றுக்கணக்கானோர் வருவராதலின், எழுத்தர் மூவருக்கும் அப்பேரேட்டின் படி ஒவ்வொன்று தரப்பட்டிருந்தது. திருத்தம் எதுவாயினும் பேரேட்டில் மட்டுமே செய்தல் வேண்டும். மாலையில் அதனைப் பார்த்து மூன்று படிகளையும் திருத்திக்கொள்வர். இஃது அங்கு நிலவிய ஒழுங்கு. நல்ல ஒழுங்குதான்.

எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்திக்குத் தமிழில் 73 மதிப்பெண். எழுதியவர் கை தவறி 37 என எழுதிவிட்டார். யான் அதனைக் கண்டு, காலை பதினொரு மணி அளவில் பேரேட்டைத் திருத்திக் கையொப்பமும் இட்டேன். பிற்பகல் இரண்டு மணிக்கு அம்மாணவியின் தந்தையார் வந்து சான்று கேட்டார். எழுத்தர் தம்மிடம் இருந்த படியைப் பார்த்து எழுதிக் கொடுத்தார். அதில் 37 என்றே இருந்தது. அவர் அன்று மாலையே வேற்றூருக்குப் பேருந்து ஏறிவிட்டார். அங்குள்ள விடுதிப் பள்ளியில் உதவித்தொகையுடன் சேர்தற்கு அச்சான்று வேண்டியிருந்தது. பிழை தெரிந்து, திருத்திய சான்றை அனுப்புவதற்குள் இறுதி நாள் கடந்துவிட்டது. எழுத்தர் மீது குற்றம் இல்லை. என் மீதும் இல்லை என்றே பலர் கூறினர். பேரேடு மெய்யே கூறிற்று. படி, காலையில் மெய்யாக இருந்திருக்க வேண்டியதைக்கூடக் கூறவில்லை. இந்நிகழ்ச்சியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதனிடம் மீளுவோம்.

இன்று பேரேட்டின் இடத்தைத் தரவுத்தளம் பிடித்துக்கொண்டது. செய்திகளை ஒழுங்குபட அடுக்கிக் கணினியில் சேர்த்து வைத்திருக்கும் களஞ்சியமே தரவுத்தளம். இரயில் வண்டியின் இருக்கைகளும், வங்கிக் கணக்குகளும், மின் கட்டணமும், தேர்வு முடிவுகளும் இத்தகைய களஞ்சியங்களிலேயே உறைகின்றன. செய்திகளை வரிசையும் பத்தியுமாகிய அட்டவணைகளில் அமைத்து, கணித நெறிப்படி ஆளலாம் என்னும் கருத்தை 1970ஆம் ஆண்டில் எட்கர் காட் என்னும் அறிஞர் வெளியிட்டார். அவர் அப்பொழுது ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வுக்கூடத்தில் பணியாற்றி வந்தார். அங்கிருந்தே டொனால்டு சேம்பர்லின், ரேமண்ட் பாய்ஸ் என்னும் இருவர், அவ்வட்டவணைகளோடு உரையாடுதற்குரிய மொழி ஒன்றை 1974இல் வெளியிட்டனர். இன்று எஸ்.கியூ.எல். என வழங்குவது அதன் வழிவந்த மொழியே. இம்மொழியை அறிந்த தரவுத்தளங்கள் பல. மைக்கேல் விடீனியஸ் என்பார் முன்னின்று ஆக்கி 1995இல் வெளிவந்த மை-எஸ்.கியூ.எல். அவற்றுள் ஒன்று. 'மை' என்பது அவர் மகளின் பெயர். பின்னர் 2009இல் அவர் தொடங்கிய மரியா-டி.பி. என்பதற்கு இளைய மகளின் பெயரை இட்டார். மக்கட்பேற்றை இவ்வாறு போற்றியோர் கணினித் துறையில் அரியர்.

தரவுத்தளத்திடம் விடுக்கும் வேண்டுகோள் எதுவாயினும் அதனை வினவல் என்பது அத்துறையோர் வழக்கு. இப்பெயரைக் கேட்டு, அஃது எப்பொழுதும் வினாவாகவே இருக்கும் என்று எண்ணிவிடுதல் கூடாது. 'இவர் கணக்கில் எவ்வளவு உளது?' என்பதும் வினவல். 'இவர் கணக்கில் நூறு ரூபாயைக் கழித்துவிடுக' என்னும் ஏவலும் வினவலே. வினாவையும் ஏவலையும் ஒரே பெயரால் வழங்கியது எனக்கு உடன்பாடன்று. யான் கூறவந்த இடர்ப்பாட்டின் வித்து அப்பெயரிலேயே கிடக்கின்றது.

ஒரு கணினி ஒரு நொடியில் இத்தனை வினவல்களுக்குத்தான் விடை கூற இயலும் என்னும் எல்லை உண்டு. வருவோர் தொகை அவ்வெல்லையைக் கடந்தால் என் செய்வது? பள்ளியில் படிகள் எடுத்ததுபோலவே இங்கும் எடுக்கின்றனர். மூலத்தை வைத்திருக்கும் கணினியை முதன்மை என்றும், அதனைப் பார்த்துத் தம்மைத் திருத்திக்கொண்டே வரும் ஏனைய கணினிகளை நகல்கள் என்றும் கூறுவோம். முதன்மையில் நிகழும் ஒவ்வோர் எழுத்தும் ஒரு குறிப்பேட்டில் வரிசைப்படி பதிவாகும். நகல்கள் அக்குறிப்பேட்டை வாங்கி, அதே வரிசையில் தம்மிடமும் எழுதிக்கொள்ளும். படிக்க வருவோரை நகல்களுக்கும், எழுத வருவோரை முதன்மைக்கும் அனுப்பிவிட்டால் ஒன்றன் சுமை பலவற்றின் மேல் பரவும். இதுவே சுமைப் பகிர்வு.

இதனைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு கணினி நொடிக்கு 400 வினவல்களைத் தாங்கும் என்று கொள்வோம். வருவன 1000, அவற்றுள் படித்தல் 900, எழுதுதல் 100. ஒரு முதன்மையும் மூன்று நகல்களும் வைத்தால், முதன்மை 100 எழுத்துகளைச் செய்யும். ஒவ்வொரு நகலும் 300 படிப்புகளுக்கு விடை கூறுவதோடு, அந்த 100 எழுத்துகளையும் தன்னிடம் படியெடுத்துக்கொள்ளும். ஆகவே நகல் ஒவ்வொன்றுக்கும் 400, தாங்கும். இனி, படித்தல் 600, எழுதுதல் 400 என்று மாற்றிக்கொள்ளுங்கள். மொத்தம் அதே 1000 தான். ஆனால், ஒவ்வொரு நகலும் தன் ஆற்றல் முழுவதையும் படியெடுப்பதிலேயே செலவிட நேரும். மூன்று நகல்கள் அல்ல, முப்பது நகல்களை வைத்தாலும் ஒரு வினாவுக்குக்கூட விடை கூற ஆற்றல் எஞ்சாது. ஆகவே, நகல்களைப் பெருக்குவது படித்தலின் சுமையைக் குறைக்குமேயன்றி, எழுதுதலின் சுமையைக் குறைக்காது. இவ்வுண்மையை அறியாமல் கணினிகளை வாங்கிக் குவித்தோரும் உளர்.

நகல்களிலும் எழுதவிட்டால் என்ன என்று ஒரு மாணவர் வினவலாம். நல்ல வினா. இரயில் வண்டியில் ஓர் இருக்கையே எஞ்சியிருக்கின்றது. சாளரம் ஒன்றில் இருப்பவர் தம் படியைப் பார்த்து அதனை ஒருவருக்கு அளிக்கின்றார். அதே நொடியில் மற்றொரு சாளரத்தார் தம் படியைப் பார்த்து வேறொருவருக்கு அளிக்கின்றார் என வைத்துக்கொள்ளுங்கள். இரு படிகளும் ஒன்றோடொன்று ஒப்பு நோக்கப்படும்போது எதனை மெய் என்பது? ஓலைச்சுவடிகளில் தோய்ந்த எம்போல்வார்க்கு இவ்விடர் புதிதன்று. ஒரு நூலின் சுவடிகள் பல ஊர்களில் இருந்தன. படித்தோர் தத்தம் சுவடியில் தத்தமக்குத் தோன்றிய திருத்தங்களைச் செய்தனர். அதனால் பாட வேறுபாடுகள் பெருகின. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், பல சுவடிகளை ஒப்பிட்டு உரிய பாடத்தைத் துணிதற்கு ஆண்டுக்கணக்கில் உழைத்தார். இருக்கை வேண்டி நிற்கும் பயணி ஆண்டுக்கணக்கில் காத்திரார். எழுத்து ஓரிடத்திலேயே நிகழவேண்டும் என்று விதித்ததன் காரணம் இதுவே. பல முதன்மைகளை வைத்து, அவை தமக்குள் உடன்பாடு கண்டபின்னரே எழுதும் முறைகளும் இன்று உள்ளன. அவ்வுடன்பாடு காண்பதற்கும் காலம் செலவாகும். அம்முறைகள் இப்பாடத்தின் எல்லைக்கு அப்பாற்பட்டவை.

இனி, வாயிலில் நிற்பவனைப் பற்றிக் கூறுவேன். வரும் வினவல்களை வாங்கிப் பார்த்து, 'நீ முதன்மைக்குச் செல்க, நீ நகலுக்குச் செல்க' என்று வழிகாட்டும் நிரல் ஒன்றைப் பலர் இடையே நிறுத்துகின்றனர். அதனை இடையாள் என்போம். தட்சுவோ இஷீ என்னும் ஜப்பானியர் தொடங்கிய பி.ஜி.பூல் அத்தகைய இடையாட்களுள் ஒன்று, புராக்சி-எஸ்.கியூ.எல். என்பது வேறொன்று. இடையாள் எதனைப் பார்த்துத் துணிகின்றான்? வினைச்சொல்லைப் பார்த்து.

நம் தமிழில் வினை, தொடரின் இறுதியில் நிற்பது இயல்பு. ஒருவர் பேசி முடிக்கும் வரை அவர் செய்தாரா செய்திலரா என்பது நமக்குத் தெரியாது. எஸ்.கியூ.எல். மொழியிலோ வினை பெரும்பாலும் முதற்கண் நிற்கும். 'செலக்ட்' என்று தொடங்கினால் 'எடுத்துக் காட்டுக' என்பது பொருள்; அது படித்தல். 'இன்செர்ட்' என்றால் சேர்த்தல், 'அப்டேட்' என்றால் திருத்துதல், 'டெலீட்' என்றால் நீக்குதல், இம்மூன்றும் எழுதுதல். அட்டவணையையே புதிதாக ஆக்குதல், மாற்றுதல், அழித்தல் ஆகியவற்றுக்கும் தனித்தனி வினைகள் உள்ளன; அவையும் எழுதுதலின்பாற்படும். ஆகவே, முதற்சொல் 'செலக்ட்' ஆயின் நகலுக்கு அனுப்புக, அன்றாயின் முதன்மைக்கு அனுப்புக என்று ஒரு விதி செய்துவிட்டால் காரியம் முடிந்தது என்று தோன்றும்.

முடியவில்லை. 'வந்தவன்' என்னும் சொல்லைப் பாருங்கள். உருபேற்றுப் பெயர்போல் நிற்கின்றது. ஆயினும் வருதலாகிய வினையும், இறந்த காலமும் அதனுள் உறைகின்றன. அதனை வினையாலணையும் பெயர் என்று இலக்கணம் வகுத்துக் காட்டுகின்றது. வடிவு கண்டு மட்டும் துணிந்தால் இத்தகைய இடங்களில் வழுக்கி விழுவோம். வினவல்களிலும் அப்படியே.

இரயில் இருக்கையையே மீண்டும் எடுத்துக்கொள்வோம். 'இவ்விருக்கை எவர்க்கும் அளிக்கப்படாதுளதா என்று எடுத்துக் காட்டுக. யான் திருத்தும் பொருட்டு' என்று ஒரு வினவல் வருகின்றது. அது 'செலக்ட்' என்றே தொடங்கும். 'ஃபார் அப்டேட்' என்று முடியும். அவ்விறுதிச் சொற்கள் இரண்டும் அவ்வரிசைக்குப் பூட்டுப் போடும். பூட்டியவர் முடிவு கூறும் வரை வேறெவரும் அதனைத் திருத்த இயலாது. நகலில் போட்ட பூட்டு முதன்மையில் இருக்கும் இருக்கையைக் காவாது. ஆகவே, இவ்வினவல் படித்தல்போல் வந்தாலும் எழுதுவோருடைய வாயிலுக்கே உரியது.

அடுத்த எண்ணைத் தருக என்று கேட்பது இன்னொரு வகை. போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளத்தில் 'செலக்ட் நெக்ஸ்ட்வேல்' என்று தொடங்கும் வினவல், வரிசை எண் ஒன்றைக் கேட்டுப் பெறும். கேட்பது எண் மட்டுமே; எனினும், கேட்டவுடன் உள்ளிருக்கும் எண்ணி ஒன்று ஏறிவிடுகின்றது. மருத்துவமனையில் முறைச்சீட்டுக் கிழித்துக் கொடுப்பவரிடம் நமது எண் என்ன என்று கேட்டு வாங்குவதை இதனோடு ஒப்பிடலாம். நாம் பெற்றது ஒரு சீட்டுத்தான். கட்டு ஒரு தாள் குறைந்துவிட்டது. இவ்வாறு, உள்ளே எழுதும் இயல்புடைய செயற்கூறுகளைப் பயனரே ஆக்கி, 'செலக்ட்' என்னும் சொல்லின் பின்னே வைத்து அழைக்கவும் கூடும். வெளியிலிருந்து பார்க்கும் இடையாளுக்கு அச்செயற்கூறு படிக்குமா எழுதுமா என்பது பெயரைக் கொண்டு விளங்காது. அதனால், எழுதும் செயற்கூறுகள் இன்னவை, எழுதாதவை இன்னவை என்று பட்டியல் இட்டுத் தரும் வாய்ப்பைப் பி.ஜி.பூல் வைத்திருக்கின்றது. பட்டியலை எழுத மறந்தால் அதன் பயனும் இல்லை.

'வித்' என்று தொடங்கும் வினவல்களும் உள. முதலில் ஒரு துணை விடையை ஆக்கிக்கொண்டு, பின்னர் அதிலிருந்து தலைமை விடையை எடுப்பது அவற்றின் அமைப்பு. 2011இல் வெளிவந்த போஸ்ட்கிரெஸின் 9.1ஆம் பதிப்பு முதல், அத்துணைப் பகுதிக்குள் நீக்கும் வினையையும் திருத்தும் வினையையும் வைக்கலாம் என்று ஆயிற்று. முதற்சொல் 'வித்', இறுதிப் பகுதி 'செலக்ட்', நடுவே 'டெலீட்' ஒளிந்திருக்கும். தலையையும் வாலையும் பார்த்தால் பசு, வயிற்றில் புலி.

இதற்கு மறுதலையான பிழையும் நேர்வதுண்டு. தொடரில் எங்கேனும் 'அப்டேட்' என்னும் எழுத்துக்கோவை இருந்தால் அஃது எழுதுதலே என்று கொள்ளும் பேதை இடையாளும் உளன். ஒரு நூலகத் தரவுத்தளத்தில் அச்சொல்லைத் தலைப்பில் உடைய நூல் ஒன்றைத் தேடினால் என் ஆகும்? மேற்கோட்குறிகளுக்குள் நிற்கும் சொல் அங்கே வினையன்று, தேடப்படும் பொருளே. வினவலின் முன்னே நிரல் எழுதுவோர் தம் நினைவிற்காக இட்ட குறிப்புரை நிற்பதும் உண்டு. முதற்சொல்லை மட்டும் நோக்குபவன் அதனைக் கண்டு மயங்குவான். ஆதலின், எழுத்துகளைத் தடவிப் பார்ப்பது போதாது. தொடரை உறுப்பு உறுப்பாகப் பிரித்து, இலக்கணப்படி பொருள் காணல் வேண்டும். பி.ஜி.பூல் அவ்வாறே தொடரைப் பகுத்து நோக்குகின்றது. கணினிக்கும் பகுபத இலக்கணம் வேண்டியிருக்கின்றது என்பதில் எம்போல்வார்க்குச் சிறு மகிழ்ச்சி உண்டு.

தொடரை முற்றப் பகுத்தாலும் ஒன்று எஞ்சுகின்றது. அதுவே இடம். ஒருவர் கணக்கிலிருந்து பணத்தைக் கழித்து மற்றொருவர் கணக்கில் சேர்ப்பது இரண்டு எழுத்துகள். அவை இரண்டும் நிகழவேண்டும், அல்லது இரண்டும் நிகழாமல் இருக்கவேண்டும். இவ்வாறு ஒன்றாகக் கட்டிய வினவல்களின் தொகுதியைப் பரிவர்த்தனை என்பர். அக்கட்டின் நடுவே, 'இப்பொழுது இருப்பு எவ்வளவு?' என்று ஒரு வினா வந்தால் அது தூய படித்தல்தான். எவ்விலக்கணப்படியும் அதில் குற்றம் காண இயலாது. ஆனால், அதனைப் பிரித்து நகலுக்கு அனுப்பினால், கழிப்பதற்கு முன்னிருந்த தொகையே விடையாக வரும். கட்டு முடியாத செய்தி நகலைச் சென்று அடைந்திராது அன்றோ? 'யான் இறுதியாகச் சேர்த்த வரிசையின் எண் யாது?' என்னும் வினாவும் இத்தகையதே. சேர்த்த இடத்தில் கேட்டால்தான் அதற்குப் பொருள் உண்டு. ஆகவேதான், பரிவர்த்தனை ஒன்றில் ஓர் எழுத்து நிகழ்ந்துவிட்டால், அதன்பின் அதே பரிவர்த்தனையில் வரும் படிப்புகளையும் முதன்மைக்கே அனுப்புவதைப் பி.ஜி.பூல் தன் இயல்பான ஒழுங்காகக் கொண்டிருக்கின்றது.

இப்பொழுது அந்த மாணவியின் மதிப்பெண்ணிடம் மீளுவோம். அங்கே பரிவர்த்தனை ஏதும் இல்லை. யான் திருத்தியது காலையில். தந்தையார் கேட்டது பிற்பகலில். கேட்டது வெறும் படித்தல். ஒழுங்கின்படி அது படியிடமே சென்றது. தவறு, படி பின்தங்கியிருந்த மூன்று மணி நேரத்தில் இருந்தது. கணினி நகல்கள் அவ்வளவு பின்தங்குவதில்லை. பெரும்பாலும் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் முதன்மையை எட்டிப் பிடித்துவிடும். ஆனால், எழுத்துகள் வெள்ளமாகப் பெருகும்போது சில நொடிகளும், சில வேளை நிமிடங்களும் பின்தங்குவதுண்டு. கட்டணம் செலுத்திவிட்டு, அடுத்த நொடியே செலுத்திய விவரத்தைப் பார்ப்பவருக்கு, 'செலுத்தவில்லை' என்று விடை வந்தால் அவர் மீண்டும் செலுத்துவார். அவரைக் குறை கூற இயலுமா? எழுதியவரே படிக்கும்போது தாம் எழுதியதைக் காணல் வேண்டும் என்பது எளிய நேர்மை. சுமையைப் பகிர்வோர் முதலில் இழப்பது அதனைத்தான்.

பிழைகள் இரு திசையிலும் நேரலாம் என்று கண்டோம். ஆனால் அவற்றின் எடை ஒன்றன்று. படித்தலை எழுதுதல் என்று தவறாக எண்ணி முதன்மைக்கு அனுப்பினால் முதன்மைக்குச் சிறிது சுமை கூடும்; விடை மெய்யாகவே இருக்கும். எழுதுதலைப் படித்தல் என்று எண்ணி நகலுக்கு அனுப்பினால், நகல் அதனை மறுக்கும். மறுக்குமாறு அமைக்கப்படாத நகலாயின் அதனை ஏற்று எழுதிக்கொள்ளும். அது மறுப்பதினும் கொடிது. அன்று முதல் அந்நகல் முதன்மைக்கு வேறான கதையைக் கூறத் தொடங்கும்; எவரும் அறியார். இதனாலேயே நகல்களை எழுத இயலாதவாறு பூட்டி வைக்கின்றனர். மை-எஸ்.கியூ.எல். தரவுத்தளத்தில் நெடுங்காலம் அப்பூட்டு மேலாளர்களைக் கட்டுப்படுத்தவில்லை. அவர்களையும் கட்டுப்படுத்தும் பூட்டு 2015இல் நிலைபெற்ற 5.7ஆம் பதிப்பிலேயே வந்தது. உரிமை மிக்கவர் கைதவறும்போது கேடும் மிகும் என்பதை உணர அவ்வளவு காலம் ஆயிற்று.

ஐயம் தோன்றினால் முதன்மைக்கே அனுப்புக என்னும் நெறி இதிலிருந்து பெறப்படும். 'செலக்ட்' என்று தொடங்குவன அனைத்தையும் நகலுக்கு அனுப்பும் விதி, புராக்சி-எஸ்.கியூ.எல். கையாள்வோரிடையே மிகப் பரவியது. அதனை ஆக்கியோரே அவ்வாறு கண்மூடிப் பிரித்தல் தகாது என்று தம் கையேட்டில் எச்சரிக்கின்றனர். முதலில் எல்லாவற்றையும் முதன்மைக்கே அனுப்புக; பின்னர் எவ்வினவல்கள் மிகுந்த ஆற்றலை உண்கின்றன என்று அளந்து காண்க; அவற்றுள் சற்றுப் பழைய விடை வந்தாலும் கேடில்லாதவற்றை மட்டும் ஒவ்வொன்றாக நகலுக்கு மாற்றுக என்பது அவர்கள் காட்டும் வழி. மெதுவான வழிதான். சிலவே சுமையின் பெரும்பகுதியாக இருத்தலின், அச்சிலவற்றை மாற்றினாலே போதியதாகிவிடும்.

இடையாள் ஊகித்து அறிவதைவிட, கேட்பவரே 'யான் படிக்க வந்தேன்', 'யான் எழுத வந்தேன்' என்று கூறிவிடுதல் இன்னும் நன்று. தொடரின் கருத்தைத் தொடுத்தவரினும் நன்கு அறிந்தவர் யார்? இம்முறைக்கு விக்கிப்பீடியாவைச் சான்றாகக் காட்டுவேன். நீங்கள் பாடங்களுக்குச் செய்தி தேடும்போது அதனைப் புரட்டியிருப்பீர்கள். 2001ஆம் ஆண்டு சனவரி 15ஆம் நாள் தொடங்கிய அக்களஞ்சியம், முதலில் தன் கட்டுரைகளை எளிய கோப்புகளிலேயே வைத்திருந்தது. 2002இல் தரவுத்தளத்திற்கு மாறிற்று. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தோன்றியது. ஒரு கட்டுரையைத் திருத்துவோர் சிலர். படிப்போரோ அவர்களினும் எத்துணையோ மடங்கினர். நகல்களால் பயன் கொள்வதற்கு இதனினும் தக்க இடம் அரிது.

விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி என்னும் மென்பொருளை எழுதுவோர், தரவுத்தளத்தை அணுகும் இடந்தோறும் முதன்மை வேண்டுமா நகல் வேண்டுமா என்பதைத் தாமே குறித்துவிடுகின்றனர். நகல் வேண்டுமெனின், அதனுள் இருக்கும் சுமைப் பகிர்வுப் பகுதி ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். ஒவ்வொரு நகலுக்கும் இவ்வளவு பங்கு என்று முன்னரே வகுத்திருப்பர். மிகவும் பின்தங்கிய நகலை அது விலக்கிவிடும். நகல்கள் எல்லாமே பின்தங்கிவிட்டால், அவை எட்டிப் பிடிக்கும் வரை எழுதுவதையே நிறுத்திவைத்து, தரவுத்தளம் தானாகவே பூட்டப்பட்டுள்ளது என்று அறிவிக்கும். பழைய செய்தியின் மேல் புதியதை எழுதி மேலும் பின்தங்கச் செய்வதினும், சற்றே கைகட்டி நிற்பது மேல் என்பது அதனை ஆக்கினோர் கருத்து. எம் பள்ளியில் அப்படி ஒரு விதி இருந்திருப்பின், படிகள் திருத்தப்பெறும் வரை சான்று எழுதுவதை நிறுத்தியிருப்பர். நூறு பேர் வெயிலில் காத்திருப்பர். எது நன்று என்று யான் இன்றும் துணியவில்லை.

எழுதியவர் தாம் எழுதியதைக் காணும் நேர்மையையும் மீடியாவிக்கி மறக்கவில்லை. ஒருவர் ஒரு கட்டுரையைத் திருத்தியதும், அத்திருத்தம் முதன்மையின் குறிப்பேட்டில் எவ்விடத்தில் பதிந்தது என்பதை அது குறித்துக்கொள்ளும். அவரே மறுபடி வந்து படிக்கும்போது, நகல் அவ்விடத்தை எட்டிவிட்டதா என்று பார்க்கும். எட்டவில்லையாயின் சிறிது பொறுத்திருக்கும். ஏனையோருக்கு இக்காவல் இல்லை. அவர்கள் எழுதவில்லை ஆதலின் ஒரு நொடி பழையதைக் கண்டாலும் இழப்பதொன்றும் இல்லை.

2022ஆம் ஆண்டில் இவ்வேறுபாடு இன்னும் பெரிய அளவில் கையாளப்பட்டது. விக்கிப்பீடியாவின் தரவுத்தளங்களைத் தாங்கும் கணினிகள் அமெரிக்காவில் இரண்டு இடங்களில் உள்ளன. ஒன்று வர்சீனியாவின் ஆஷ்பர்ன். மற்றொன்று டெக்சாசின் கரோல்டன். முன்னர் ஓரிடமே எல்லா வேண்டுகோள்களுக்கும் விடை கூற, மற்றையது ஆயத்தமாகக் காத்திருந்தது. அவ்வாண்டு முதல் இரண்டும் படிப்போருக்கு விடை கூறுகின்றன. எழுதுவோர் மட்டும் அப்பொழுது எது முதன்மையோ அங்கே அனுப்பப்படுகின்றனர். இங்கே பிரித்தறிவது எஸ்.கியூ.எல். தொடரைக் கொண்டன்று, அதற்கும் முன்னே, உலாவி அனுப்பும் வேண்டுகோளின் வகையைக் கொண்டு. 'கெட்' எனின் பெறுதல், 'போஸ்ட்' எனின் ஒப்படைத்தல். பெறுவோர் அண்மையிலுள்ள இடத்திற்கும், ஒப்படைப்போர் முதன்மைக்கும் செல்வர். இம்முறை பிழையின்றி நடத்தற்கு, 'கெட்' வகையில் வருவோர் கையில் எழுதுகோல் மறைந்திராதவாறு பார்த்தல் வேண்டும். அதன்பொருட்டு, படிக்கும் வேளையில் இடையிடையே ஏதேனும் எழுதிவந்த நிரற்பகுதிகளைத் தேடித் தேடித் திருத்தினர். பல ஆண்டுகள் பிடித்த பணி அது. எழுதிவிட்டுத் திரும்புவோரைச் சில நொடிகள் வரை முதன்மை இடத்திலேயே நிறுத்திவைக்கும் ஏற்பாடும் உண்டு.

அவ்விரண்டு இடங்களும் நிலையாக ஒரே தொழிலைச் செய்வதில்லை. முதன்மையாக இருந்தது ஓய்வு பெறவும், மற்றையது அப்பொறுப்பை ஏற்கவும் அவ்வப்போது மாற்றிப் பார்க்கின்றனர். நெருப்போ வெள்ளமோ வரும் நாளில் அம்மாற்றம் புதிதாக இராமைப்பொருட்டு. 2016ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் இவ்வாறு முதன்முதல் மாற்றினர். அம்மாற்றத்தின்போது எழுத்து முற்றும் நிறுத்தப்படும். பழைய முதன்மையின் இறுதி எழுத்தும் புதியதைச் சென்று சேர்ந்த பின்னரே வாயில் திறக்கப்படும். பிற்காலத்தில் இது சில நிமிடங்களில் முடியலாயிற்று. திருத்த முயல்வோருக்கு மட்டும், சற்றுப் பொறுத்து வருக என்னும் அறிவிப்புத் தோன்றும். படிப்போர் தாம் படித்துக்கொண்டிருந்த பக்கத்தைத் தொடர்ந்து படித்துக்கொண்டே இருப்பர்.